நாலாம் டேங்க்கின் சிவப்பு அட்டை

"வேணாம்மா, அந்த அட்டையை மட்டும் எடுக்கா—"

"டேங்க் காலி சார், எத்தனை தடவைதான் நான்—"

"காலியோ ரொம்பியோ, ஆள் உள்ளேன்னு போட்டுகினு இருக்குதுல்ல?"

"அது வெறும் படம் சார்! பழைய சாஃப்ட்வேர்ல ஒட்டிக்கிட்டிருக்கிற குப்பை!"

சினேகா கத்தியேவிட்டாள். சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டிய அந்தப் பால் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னலே கிடையாது. வெளியே மழை பெய்யும் மதியம். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர் திரைகளின் நீல வெளிச்சம், ஏசி இரைச்சல், எங்கிருந்தோ புளித்த பால் வாடை. அந்த இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் புது சாஃப்ட்வேர் போடத்தான் அவள் மேடவாக்கத்திலிருந்து வந்திருந்தாள். தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றை மாற்றும்போது மற்றது விழித்திருக்க வேண்டும். அதுதான் முறை.

ஷிப்டு ஆபரேட்டர் சுகுமார் குரலைத் தாழ்த்தினார்.

"போன தடவையும் இப்பிடித்தான் புதுசு போட்டாங்க. என் கூட்டாளி குப்புராஜ் நாலாம் டேங்க்குள்ள வெல்டிங் பண்ணிகினு இருந்தான். பழைய திரையில அட்டை இருந்துச்சு. புதுசுல வரல. காலின்னு நெனச்சு கழுவ விட்டுட்டாங்க. உள்ளயே செத்துட்டான்."

சினேகா திரையில் நாலாம் டேங்க்கின் மேல் இருந்த சிவப்பு அட்டையைப் பார்த்தாள்.

"அன்னிலேர்ந்து அந்த அட்டை தானா வருது. எடுத்தாலும் வருது."

"வாசல்ல பால் லாரி வரிசையா நிக்குது சார். நாலாம் டேங்க் வேணும்னு மேனேஜர் உயிரை எடுக்கறாரு."

வாக்கி-டாக்கியை எடுத்தாள். கூட வந்திருந்த எலக்ட்ரீஷியன் யாசீன் டேங்க்குகள் பக்கம் வயர் மாற்றிக்கொண்டிருந்தான்.

"யாசீன், நாலாம் டேங்க்ல யாராவது இருக்காங்களா?"

"மூடியைத் தொறந்தே பாத்தேன்க்கா. ஈ காக்கா இல்ல."

சினேகா சுகுமாரை ஒரு பார்வை பார்த்தாள். சிவப்பு அட்டையை நீக்கினாள். 'கழுவு' என்று அழுத்தினாள். அதே வேகத்தில், முதல் கம்ப்யூட்டர் இன்னும் பாதியில் நிற்கும்போதே, இரண்டாவதையும் அணைத்து மறுபடி போட்டாள்.

இரண்டு திரைகளும் கறுத்துப்போயின.

"இன்னாம்மா பண்ணிட்ட? ரெண்டு கண்ணையும் கட்டிட்டியே!"

"இதோ வந்துடும் சார்."

திரை அணைந்தால் தொழிற்சாலை அணைந்துவிடாது. பார்க்க ஆளில்லாமலே அது தன் வேலையைச் செய்யும். சுவரோரக் குழாய் கடகடத்தது. முதலில் தண்ணீர். அடுத்தது கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசல்.

அப்போதுதான் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அக்கா... நாலாம் டேங்க்குள்ள யாரோ தட்டறாங்க. தூக்கி விடுப்பான்னு கேக்குது. யாரோ மாட்டிகினாரு போல. நான் எறங்கறேன்."

"இறங்காதே! யாசீன், இறங்காதே!"

இரைச்சல் மட்டும் வந்தது.

"மூடி தொறந்திருந்தா கழுவறது தானா நின்னுடணுமே சார்?"

"அந்த சுவிட்ச் என்னிக்கும்மா வேலை செஞ்சுது!" சுகுமார் தன் வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு ஓடினார். நிறுத்தும் பொத்தான் டேங்க்கின் அடியில், கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

சினேகா தனியாக நின்றாள். கறுத்த திரையைத் தட்டினாள், கெஞ்சினாள். "வா, வந்து தொலையேன்..." யாசீன் மனைவி ஜெய்னப் நிறைமாதம். அவளிடம் போய் என்னவென்று சொல்வது?

குழாயில் கை வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

பிறகு வெதுவெதுப்பு.

பிறகு கையை வைக்க முடியவில்லை.

தீய்ந்த பால் நாற்றம் அறை முழுக்க எழுந்தது. குழாய்க்குள்ளிருந்து, விரல் மூட்டால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். அவள் இருந்த பக்கத்தைத் தேடித் தேடித் தட்டியது.

திடீரென்று எல்லாம் அடங்கியது.

"நிறுத்திட்டேன்மா!" வாக்கி-டாக்கியில் சுகுமாருக்கு மூச்சு வாங்கியது. "தூக்கிட்டேன். என் பக்கத்துலதான் நிக்கிறான். கால்ல லேசா வெந்துருக்கு, அவ்ளோதான்."

"அவன்கிட்ட குடுங்க சார். குரலைக் கேக்கணும்."

"அக்கா..." யாசீன் அழுதுகொண்டிருந்தான். "உள்ள யாருமே இல்லக்கா. என் வாக்கி-டாக்கிதான் உள்ளயே வுழுந்துடுச்சு."

சினேகா நாற்காலியில் சரிந்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். விரலிடுக்கில் நீல வெளிச்சம் பட்டது. திரை உயிர்பெற்றிருந்தது. புத்தம்புதிய சாஃப்ட்வேர், பழையதிலிருந்து ஒரு புள்ளிகூட இதற்கு வரவில்லை. டேங்க்குகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று நின்றன.

நாலாவதில் சிவப்பு அட்டை.

ஆள் உள்ளே.

வாக்கி-டாக்கி மறுபடி கரகரத்தது. இரும்புக்குள்ளிருந்து பேசுவதுபோல், வயதான, களைத்த குரல்.

"சுகுமாரு... அவனை மட்டும் தூக்கிட்டியே. நான் இன்னும் உள்ளதாம்ப்பா கீறேன்."