பதினாலு பேருக்கு ஒரு வீடு

காலி வீடு என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் மாடிக் குளியலறையின் தரை ஈரமாக இருந்தது.

மூத்த மருமகள் கதவைப் பிடித்தபடி நின்றாள். வாளியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. வெந்நீரும் சோப்பும் கலந்த வாசனை, யாரோ இப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு அடுத்த அறைக்குப் போனதுபோல இதமாக முகத்தில் வந்து மோதியது.

கேட்டிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் போன வீட்டுக் காவலாளியை போனில் கூப்பிட்டாள்.

"காலையிலயே கழுவிட்டேனே மேடம்."

"இன்னும் காயவே இல்லையே?"

"பூட்டியே கிடக்குதுல்ல. ஜன்னலைத் திறந்து விடுங்க, சரியாயிடும்."

சரியாகிவிடும் என்றே அவளும் நினைத்துக்கொண்டாள். நினைத்துத்தான் ஆக வேண்டும். தீம் பார்க்குக்குப் போகலாம் என்று முடிவான நாளிலிருந்து, எங்கே தங்குவது என்பதில் குடும்பம் இரண்டுபட்டுக் கிடந்தது. கொழுந்தனுக்கு நீச்சல் குளம் வேண்டும். நாத்தனாருக்குப் பார்க் வாசல் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். மாமியாரின் முட்டிக்குப் படியே ஆகாது. பதினாலு பேரும் ஹோட்டலில் மாடிக்கு ஒரு அறையாகச் சிதறிக் கிடப்பதைவிட ஒரே வீட்டில் தங்கலாமே என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். "உன் இஷ்டம்மா. நல்லா இல்லைன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் மாமியார். அவர் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று சொன்ன விஷயங்களைத்தான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால்தான் மற்றவர்களை வேனில் மெதுவாக வரச் சொல்லிவிட்டு, வீட்டைப் பார்ப்பதற்காக அவள் மட்டும் டாக்சியில் முந்தி வந்திருந்தாள்.

ஜன்னலைத் திறந்தாள். மரங்களுக்கு மேலே ராட்டினத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ரோலர் கோஸ்டரில் போகிறவர்களின் அலறல் வந்து, தேய்ந்து, அடங்கியது. சந்தோஷத்தில் கத்துகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பிள்ளைகளுக்கான அறையில் இரண்டடுக்குக் கட்டில். மெத்தை எப்படி என்று பார்க்க மேல்தட்டில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று தோன்றியது. அந்த அறையில் ஜன்னலே இல்லை என்பது கையை எடுத்த பிறகுதான் உறைத்தது.

அறையை விட்டு வெளியே வந்தபோது மறுபடியும் அலறல் வந்தது. இம்முறை காற்று அசையவில்லை. குளியலறை ஜன்னலுக்கு வெளியே ஓர் இலைகூட ஆடவில்லை. அலறல் படிக்கட்டு வழியாகத்தான் வந்தது. கூடவே சிரிப்பு. தடதடவென்று சின்னக் கால்கள் ஓடும் சத்தம். பெட்டிகளைத் தரையில் இழுக்கும் சத்தம். மாமனாரின் இருமல்.

அவளுக்கு உயிர் வந்தது. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துக் கூவினாள். "அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம்!"

எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லாரும். ஒரே நேரத்தில்.

அவள் இறங்கினாள். கூடத்தில் யாரும் இல்லை. நாற்காலிகள் சுவரோரம் இருந்தன. வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. அவள் போட்ட தாழ்.

கையிலிருந்த போன் அடித்தது. கணவன்.

"ஏய், பக்கத்துலதான் டீசல் போட நிறுத்தியிருக்கோம். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவோம். வீடு எப்படி?"

"வேண்டாங்க. இங்க வர வேண்டாம். ஹோட்டலுக்கே போயிடலாம்."

"என்னது? சத்தமா இருக்கே, ஒண்ணும் கேட்கல. பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லைங்க. வராதீங்க!"

அவள் முதுகுக்குப் பின்னால், மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. களைப்பே இல்லாத, சிரிக்கிற குரல்.

"வீடு ரொம்ப நல்லா இருக்குங்க. அத்தைக்குக் கீழேயே ரூம் இருக்கு. சீக்கிரம் வாங்க."

அது அவள் குரல்.

"அப்படிச் சொல்லு" என்றான் கணவன். "அம்மாகிட்ட சொல்லிடறேன்." போன் நின்றது.

மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி. மேலே யாரோ படியில் கால் வைத்தார்கள். கொலுசு சத்தம். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். வெறுங்கால். அவள் போட்டிருந்த கொலுசைக் காணவில்லை.

தாழ். ஒரு கையால் இழுத்தாள். தாழ் நகரவில்லை. கொலுசு ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. இரண்டு கையாலும் இழுத்தாள். திறந்தது.

ஓடினாள். கேட்டைத் தாண்டித் தெருவின் நடுவில் போய் நின்றாள். வேனின் விளக்கு முனையில் திரும்பியது. கைகளை அகல விரித்தாள்.

"இறங்காதீங்க! யாரும் இறங்காதீங்க!"

வேன் கிறீச்சிட்டு நின்றது. கதவு திறந்தது. கணவன் இறங்கி வந்தான். அவன் முகத்தைக் கண்டதும் அவளுக்கு அழுகை பொங்கியது. அவன் புருவம் சுருங்கியது.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றான். "யாருங்க நீங்க? அடி ஏதும் படலையே?"

"நான்! நான்தாங்க!"

அவன் மரியாதையாக ஒரு எட்டு பின்னால் போனான்.

"யாரு பெத்த பொண்ணோ, பாவம்" என்றார் மாமியார் உள்ளிருந்து. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிக் கனிவாகப் பேசியதே இல்லை. "தண்ணி இருந்தா குடுடா."

"அண்ணி!" என்று நாத்தனார் கத்தினாள். அவள் கை, தெருவில் நின்றவளைத் தாண்டி வீட்டை நோக்கி ஆடியது.

வீடு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் இறங்கினார்கள். பெட்டிகள் இறங்கின. ஒவ்வொருவராக அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் கணவனின் சட்டையைப் பற்றினாள். அவன் அந்த விரல்களைப் பதமாகப் பிரித்துவிட்டான்.

கடைசியாக இறங்கியது அவளுடைய மூன்று வயது மகள். தெருவில் நின்றவள் மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். "கண்ணு, அம்மாகிட்ட வா. அம்மா இங்க இருக்கேன்டா."

குழந்தை வாசலைப் பார்த்து ஓடியது.

அங்கே அவளுடைய அதே முகத்தோடு நின்றவள் குனிந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை அந்தத் தோளில் கன்னத்தைச் சாய்த்து, தெருவில் மண்டியிட்டிருந்தவளை ஒருமுறை பார்த்தது. பிறகு பயந்துபோய் அந்தக் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஈரமான ஒரு கை அதன் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தது.