வியாழன் மூன்று மணி

அடித்தளத்துக்குப் பதினாலு படி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. கதவைத் திறந்தேன். சர்வர் அறையின் இரைச்சல் எப்போதும்போல் இருந்தது. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தேன். வியாழக்கிழமை, மணி இரண்டரை.

எண்ணெய் வாசம் வந்தது.

அடுப்பு இல்லாத அறை அது.

எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் அழைப்பெல்லாம் இங்கே இருக்கும் இரண்டு சர்வர் வழியாகத்தான் போகும். ஒரே பெட்டிக்குள் ஏழெட்டுக் கணினி ஓட வைக்கும் மென்பொருள் ஒன்று அவற்றில் உண்டு. அதற்கு ஒரு வியாதி. மெமரியை வாங்கும், திருப்பித் தராது. ஒன்பது நாள் விட்டால் மொத்தத்தையும் முழுங்கிவிட்டு அசையாமல் கிடக்கும். குணமாக்கிய புதுப் பதிப்பு எங்கள் பழைய பெட்டியில் ஏறாது. அதனால் வியாழன்தோறும் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் பக்கத்து சர்வருக்கு நகர்த்திவிட்டு, இதை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். போட்ட பிறகு நோட்டில் எழுத வேண்டும்.

இந்த வழியைக் கண்டுபிடித்தவர் இங்கே எனக்கு மூத்தவரான தோக்தார் அண்ணன். ஆறு வருஷம் ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. "நாம குளிக்கிற மாதிரிதான் குல்சிம். வாரத்துக்கு ஒருதரம் இதுக்கும் தலைக்கு ஊத்தணும்" என்பார்.

நவம்பரில் அவர் லீவு. பொறுப்பு என் தலையில். அந்த வியாழன் நோட்டில் "3.00, முடிந்தது" என்று முதலில் எழுதிவிட்டேன். வந்து செய்துகொள்ளலாம் என்று மேலே போனேன். யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டினார்கள். அப்புறம் மறந்தே போனது.

சனிக்கிழமை காலை அண்ணனுக்கு நெஞ்சுவலி. அவர் மனைவி பிபிஷ் அண்ணி ஆம்புலன்ஸ் நம்பர் 103-க்கு அடித்தார். எங்கள் திரைகள் உறைந்து கிடந்தன. அண்ணியின் அழைப்பு பதினோரு நிமிஷம் வரிசையிலேயே நின்றது. வண்டி போய்ச் சேர்ந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை.

நோட்டைப் பார்த்துவிட்டு, மென்பொருள் கோளாறு என்று அறிக்கை எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

அப்புறம்தான் சர்வருக்குள் ஓடும் கணினிகளின் பட்டியலில் அதைக் கவனித்தேன். அண்ணன் சோதனைக்காக வைத்திருந்த குட்டிக் கணினி. பெயர் "தோக்தார்". அணைத்துத்தான் இருந்தது. ஆனாலும் மெமரி தின்றுகொண்டிருந்தது. அழித்தேன். அடுத்த வியாழன் திரும்ப இருந்தது.

மூன்று வியாழன் அழித்தாயிற்று.

இன்று நான் வந்து பத்து நிமிஷம் போயிருக்கும். படியில் காலடி. பிபிஷ் அண்ணிதான். கையில் துணி மூட்டை, அதில் ஏழு பொரித்த ரொட்டி. வியாழனானால் எங்கள் தெருவெல்லாம் இந்த எண்ணெய் மணக்கும். செத்தவர்களுக்கு அந்த வாசம் போய்ச் சேரும்.

"அவர் உக்காந்த எடத்துல நாலு பேரு சாப்பிடணும்னு தோணிச்சு. பாரு எப்படி எளைச்சுப் போயிட்டே! தின்னுடி."

தின்றேன். ருசி தெரியவில்லை. அண்ணி ஏதேதோ பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அன்னைக்கு ஏண்டி அவ்வளவு நேரம் எடுக்கல?"

"லைன் கோளாறு அண்ணி."

போன் அடித்தது.

அண்ணி போன் திரையை எட்டிப் பார்த்தார். "இது எங்க வீட்டு நம்பர்ல? பூட்டிட்டுல்ல வந்தேன். உள்ள ஒரு பூனைகூட இல்லியே."

நான் கையை நீட்டவில்லை. அவரே எடுத்தார்.

வெகுநேரம் கேட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. ரிசீவரை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"உன்னைத்தான் கேக்குறாரு," என்றார். "மூணு மணிக்குப் பண்ணிட்டியான்னு கேக்குறாரு."

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது.

அண்ணியின் கண் நோட்டுக்குப் போனது. இன்றைய தேதி. "3.00, முடிந்தது." வந்து உட்கார்ந்ததுமே எழுதியிருந்தேன்.

"முடிஞ்சதுன்னு எழுதியிருக்கே. என்னடி முடிஞ்சது?"

சொன்னேன். கேக் வரைக்கும் சொன்னேன். என் குரல் யாரோ செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. அண்ணி அடிக்கவில்லை, சபிக்கவில்லை. துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு பதினாலு படியும் ஏறிப் போனார்.

பிறகு வேலையைச் செய்தேன். நகர்த்தினேன், அணைத்தேன், போட்டேன். மூன்று ஐம்பதுக்கு நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டுச் சரியான நேரத்தை எழுதினேன். பட்டியலில் "தோக்தார்" இருந்தது. இந்தத் தடவை அழிக்கவில்லை.

ரிசீவரைக் காதில் வைத்தேன். எண்ணெய் கொதிக்கும் சத்தம்.

"இப்பதான் பண்ணினேன் அண்ணே. மன்னிச்சிடுங்க."

எண்ணெய் கொதித்துக்கொண்டே இருந்தது. லைனும் அறுபடவில்லை. அழைப்பு தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. போனின் சின்னத் திரையில் பதினோரு நிமிஷம் என்றே இருந்தது.

அடுத்த வியாழன் வந்தேன். போன் திரையில் இன்னும் பன்னிரண்டு நிமிஷம் ஆகவில்லை.