ஆறு ஐம்பது பஸ்ஸில் ஒரு காலி சீட்டு

“சார், நாளைக்கு காலேஜ்ல டி.சி. கேட்டு எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் தெரியணும். செத்தவங்க பஸ்ல சீட்டு புடிப்பாங்களா?”

அரியலூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால், சாமிதுரையின் கையிலிருந்த வடை கீழே விழுவதில் வியப்பில்லை. சாமிதுரை ஓய்வுபெற்ற கண்டக்டர். பேய் என்றால் நடுக்கம். ஆனால் விவரம் ஒன்றுவிடாமல் தெரிந்தாக வேண்டும். பக்கத்திலிருந்த ராஜவேல் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் துப்பறிவாளர் என்று ஊரில் பேர். இதுவரை அவர் கண்டுபிடித்தவற்றில் பெரியது ஒரு பிரஷர் குக்கர்.

“உக்காரும்மா. மொதல்லேருந்து சொல்லு,” என்றார்.

பெண்ணின் பெயர் பூவிழி. உடையார்பாளையம். பெரம்பலூர் கல்லூரியில் கடைசி வருஷம். தினமும் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். விடிந்ததும் அம்மா அவளை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அரியலூரிலிருந்து கூடப் படிக்க வரும் தோழி மணிமொழிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். மணிமொழி ஸ்டாண்டுக்கு வந்து, ஆறு ஐம்பது பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். மூன்று வருஷம் அப்படித்தான்.

“தீபாவளிக்கு அவங்கப்பா ரெண்டு பேருக்கும் ஒரே துணியில சுடிதார் தைச்சுக் குடுத்தாரு. அதுல வந்த சண்டை சார். அவ போட்டுட்டு வந்தா, நான் போடல. ஏன்னு கேட்டா. மறுநாள் நான் வீம்புக்கு வேற பஸ் ஏறிட்டேன். அவ சீட்டப் போட்டுட்டு என்னைத் தேடி எறங்கியிருக்கா. பஸ் கெளம்பிடுச்சு. யாரோ ஒரு பையனோட பைக்ல ஏறி…”

சாமிதுரை டீயைக் குடிக்காமல் வைத்தார்.

“நாலு மாசம் ஆச்சு. தெனமும் நான் ஏறும்போது அதே மூணாவது ஜன்னல் சீட்டுல அவ கர்ச்சீப் கெடக்குது. நான் நின்னுக்கிட்டே போறேன். வூட்ல சொன்னா அன்னைக்கே படிப்ப நிறுத்திடுவாங்க. ஒருநாள் உடையார்பாளையம் பஸ் பஞ்சர். ஆறு அம்பதை விட்டுட்டு ஏழு இருபதுல ஏறுனேன். அதுலயும் கெடக்குது சார். என்னைய விடமாட்டேங்குறா.”

“ஆவிக்கு டைம் டேபிள் கெடையாதுண்ணே,” என்று சாமிதுரை சட்டைப்பையில் திருநீற்றைத் தேடினார். “சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயி ஒரு எலுமிச்சம்பழம்…”

“யோவ், சும்மா இருய்யா. கர்ச்சீப் எப்படிம்மா கெடக்கும்? கசங்கியா?”

“நாலா மடிச்சு. ஓரத்துல நீலமா ஒரு கோடு கூட இருக்கும்.”

“மந்திரக் கோடு!” என்றார் சாமிதுரை.

“மணிமொழி மடிச்சுத்தான் போடுவாளா?”

பூவிழி யோசித்தாள். “இல்ல சார். சுருட்டி எறிவா.”

“நீ லீவு போட்டிருக்கியா?”

“காய்ச்சல்ல மூணு நாள் போகல.”

ராஜவேல் டீயை முடித்தார். “டி.சி. லெட்டரை எழுதி வெச்சுக்க. காலையில முடிவு பண்ணிக்கலாம்.”

மறுநாள் காலை ஆறரை மணிக்கு இருவரும் பெரம்பலூர் பஸ்ஸருகே நின்றனர். சாமிதுரையின் நெற்றியில் மூன்று ஆள் பூசும் திருநீறு. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசியில் ஸ்டாண்டே மங்கிக் கிடந்தது. மூன்றாவது ஜன்னலில் கர்ச்சீப் வந்துவிட்டிருந்தது. சாமிதுரை ராஜவேலின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

ராஜவேல் கண்டக்டர் அமாவாசையிடம் போனார்.

“என் சர்வீஸ்ல ஒண்ணு பாத்திருக்கேன் தம்பி. ஆள் நிக்கிறப்போ முப்பது கிலோமீட்டர் ஒரு சீட்டு காலியா போவ எந்தக் கண்டக்டரும் விடமாட்டான். நாலு மாசமா நீ விட்டிருக்க. அந்தப் பொண்ணு காய்ச்சல்ல கெடந்த மூணு நாளும் கர்ச்சீப் இருந்துச்சா?”

அமாவாசை தலையைச் சொறிந்தார். “இல்ல சார்.”

அப்போது பூவிழி ஓடி வந்தாள். ஜன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“பாரும்மா,” என்றார் ராஜவேல் நிதானமாக. “நீ வராத நாள்ல அது வரல. நீ அடுத்த பஸ்ல ஏறுனா அது அடுத்த பஸ்ல கெடக்குது. அப்ப இது மணிமொழி தனக்குப் போட்ட சீட்டு இல்ல. யாரோ உனக்குப் போடுற சீட்டு. நீ கெளம்புனது உங்கம்மாவுக்குத்தான் தெரியும். அவங்க மிஸ்டு கால் இன்னும் அதே நம்பருக்குப் போகுது. போன் இருக்கிற எடம் மணிமொழி வூடு. நீ வர்ற வரைக்கும் மறைஞ்சு நின்னு பாக்குறதால, நீ பஸ்ஸ விட்டாலும் அடுத்ததுல போட முடியுது. அந்த நீலக் கோடு மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. டெய்லருங்க துணியில கோடு போடுற சாக்குக்கட்டி.”

பேப்பர் கடையின் பின்பக்கம் பார்த்து, “வைரக்கண்ணு, வாங்க,” என்றார்.

கழுத்தில் அளவு டேப்போடு ஒல்லியாக ஒருவர் வந்தார். மணிமொழியின் அப்பா. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“காரியம் முடிஞ்ச மறுநாள் அவ போனு அடிச்சுதுங்க. ஒரு ரிங்கு. உங்கம்மா கைப்பழக்கத்துல போட்டுட்டாங்க போல. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. எந்திரிச்சு வந்து சீட்டு போட்டேன். அப்புறம் நான்தான் அவங்ககிட்ட நிறுத்தாதீங்கன்னேன். புள்ளைகிட்ட சொல்லாதீங்க, கூச்சப்படும்னேன்.”

“நேர்ல வந்திருக்கலாமே அண்ணே?” என்றார் சாமிதுரை. நெற்றியைத் துடைத்துக்கொண்டதில் திருநீறு பாதி போயிருந்தது.

“இந்தப் புள்ளையப் பாத்தா தாங்க மாட்டேனுங்க.”

அமாவாசை இடைமறித்தார். “கோவிக்காதீங்கண்ணே. உக்காந்துச்சான்னு சாயங்காலம் கர்ச்சீப் வாங்க வரப்போவெல்லாம் கேப்பீங்க. ஆமான்னு பொய் சொன்னேன். அது ஒருநாளும் உக்காரல. ஃப்ரெண்டு நெனப்புல காலியா வெச்சிருக்குன்னு நானும் யாரையும் உக்கார விடல.”

பூவிழி வைரக்கண்ணு பக்கம் திரும்பினாள். “அப்பா, அன்னைக்கு நான் வேணும்னேதான்…”

“தெரியும்மா. ராஜவேல் சார் நேத்து ராத்திரி வூட்டுக்கு வந்து சொன்னாரு.” வைரக்கண்ணு டேப்பை இழுத்து இழுத்து விட்டார். “அன்னைக்கு அவ போட்ட சீட்டு பெரம்பலூர் வரைக்கும் காலியாவே போச்சாம். அதான் மனசு கேக்கல. நீ வராதது தப்பா, அவ எறங்குனது தப்பா, அதெல்லாம் எனக்கு அளக்கத் தெரியாது. நீ போயி உக்காரு.”

அவள் ஏறினாள். கர்ச்சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் வெளியே பார்க்கவில்லை. பிறகு பையிலிருந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

வைரக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “நாளைக்கு வருவல்ல?”

“சனிக்கெழமையும் லேப் இருக்குப்பா. நீங்க ஒளிய வேணாம். இங்கயே நில்லுங்க.”

அவர் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தார்.

பஸ் ஏழு நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது. ஒரு நிமிஷத் தாமதத்துக்கும் மெமோ எழுதிய ராஜவேல், கைக்கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் தள்ளிவிட்டு, சாமிதுரையிடம் கைக்குட்டை கேட்டார்.