கிட்டாருக்கு முளைத்த கூடுதல் பல்

கிட்டார் பெட்டியின் மேல் அந்தக் கை இருந்தது. நீண்ட விரல்கள், ஒட்ட வெட்டிய நகங்கள், பார்க்க லட்சணமான ஆண்பிள்ளைக் கை... ஷாஹினாஸுக்கு அதைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

வெளியே பழைய சாமான் விற்கும் அத்தாரீன் சந்தையை மழை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தது. அலெக்சாண்ட்ரியாவின் ஜனவரி மழை என்றால் சாதாரணமில்லை. கடலே எழுந்து வந்து, கடை கடையாக ஏறி விலை விசாரிக்கும். அந்த மழைக்கு ஒதுங்கித்தான், எல்லாரும் உஸ்தா என்று மரியாதையாகக் கூப்பிடும் கராபெத்தின் வாத்தியக் கடைக்குள் நுழைந்தாள். கூடவே ஒரு செட் தந்தி வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

திறந்த பெட்டிக்குள் அது படுத்திருந்தது. மாதுளம்பழ நிறம். உள்ளே குடைவான பழைய எலக்ட்ரிக் கிட்டார். கழுத்தின் குறுக்கே எல்லாக் கிட்டாருக்கும் இருக்கிற உலோகக் கம்பிகள், அதுதான் ஃப்ரெட்கள்... அவற்றுக்கு நடுநடுவே கூடுதலாகச் சில கம்பிகள். அரபிப் பாட்டு மூச்சு விடுவதே இரண்டு சுரங்களுக்கு இடையே வரும் அந்த நடுச் சுரங்களில்தான். கடையில் விற்கிற எந்தக் கிட்டாரிலும் அவை கிடைக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மரத்தை அறுத்து, அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பதித்தவள் ஷாஹினாஸ். அதில் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும். அன்றைக்குத் தும்மல் வந்துவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முன் அவள் போர்ட் சயீதில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, "கிட்டார் வாசிக்கிறவளை எவன் கட்டிக்குவான்?" என்று அண்ணன் முராத் அதை விற்றுவிட்டான். அப்புறம் எத்தனையோ கிட்டார் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவள் பாட்டு நொண்டியது.

இப்போது கைக்கெட்டும் தூரத்தில் அது... ஆனால் அதன் மேல் இன்னொருவன் கை.

அத்தாரீனில் ஒரு முறை உண்டு. ஒருவன் பொருளின் மேல் கைவைத்துப் பேரம் பேசுகிறவரை மற்றவர் விலை கேட்கக் கூடாது. அவன் கையை எடுத்த பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்கலாம். திருடனைக்கூட அங்கே மன்னிப்பார்கள். பேரத்துக்குள் நுழைந்தவனுக்குச் சாகிறவரை ஒருத்தரும் டீ ஊற்ற மாட்டார்கள்.

எடு... கையை எடு... உனக்கு மூக்குகூட அரிக்காதா?

அவள் வேண்டுதல் பலித்தது. அவனுக்குத் தும்மல் வந்தது. கை எழும்பியது. ஷாஹினாஸ் ஒரே தாவாகத் தாவினாள். பாவி... இடது கையைப் பெட்டியில் வைத்துவிட்டல்லவா வலது கையால் மூக்கைப் பொத்தினான்.

"சரி உஸ்தா, நீங்க சொன்ன விலையே இருக்கட்டும்," என்றான்.

"நல்லா இருங்க டாக்டர் பாஷா," என்றார் கராபெத். பேரம் முடிந்தது.

ஷாஹினாஸ் கிட்டாரைக் காட்டினாள். "உஸ்தா... அது என்னுது."

அவன் திரும்பினான். மழைக்கு முந்தைய கடல் போன்ற கண்கள். அந்த நேரத்திலும் அதைக் கவனித்த தன் புத்தியை அவள் செருப்பால் அடித்துக்கொண்டாள்.

"தெரியுமே," என்று சிரித்தான். "இந்தச் சந்தையில எதைத் தொட்டாலும் யாரோ ஒருத்தரோட தாத்தாவுது. போன வாரம் ஒரு கிராமபோனுக்கு ரெண்டு பேரன் வந்து நின்னாங்க. உங்க தாத்தா பேரு என்ன?"

கராபெத்தும் சேர்ந்து சிரித்தார். அவர் மேலும் தப்பில்லை. விலை குறைக்க அந்தச் சந்தையில் எல்லாரும் அவிழ்த்துவிடுகிற பொய் அது.

ஷாஹினாஸின் வாய் பூட்டிக்கொண்டது. இதற்கு மேல் கெஞ்சினால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டாள்.

"உஸ்தா, இந்தக் கூடுதல் கம்பியை எல்லாம் இப்பவே பிடுங்கிடுங்க," என்றான் அவன். "எவனோ ஒரு முட்டாள் நல்ல கழுத்தை அறுத்து வச்சிருக்கான்."

"முட்டாளா?"

பூட்டு தெறித்துவிட்டது.

"பின்னே? பிறந்தப்போ எப்படி இருந்ததோ அப்படி இருக்கணும். ஒரு திருகாணி மாறினாகூட எனக்குத் தூக்கம் வராது."

"நிஜந்தாம்மா," என்றார் கராபெத், சால்டரிங் ராடை பிளக்கில் செருகியபடி. "டாக்டர் ஹாதெம் வீட்டுல கிட்டாரெல்லாம் கட்டில்ல படுத்துக்கும். அவரு தரையில. பல் டாக்டரு."

"அதானே பார்த்தேன். எதைக் கண்டாலும் பிடுங்கச் சொல்லிக் கை அரிக்குது."

"கூடுதலா முளைச்ச பல்லைப் பிடுங்கித்தான் ஆகணும் மேடம்."

"அது பேசுறதே அந்தப் பல்லாலதான்னா?"

"பேசினா எனக்குக் கேட்டிருக்குமே. நான் இத்தனை கிட்டார் வாங்கினதே ஒரு சத்தத்துக்காகத்தான்."

"என்ன சத்தம்?"

"சொன்னா சிரிப்பீங்க."

"நான் சொன்னதுக்கு நீங்க சிரிச்சீங்க. நான் செத்தா போயிட்டேன்?"

அவன் முகத்தில் சிரிப்பு அணைந்தது.

ராடு சூடேறிவிட்டது. கராபெத் தந்திகளைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கினார். ஒரு கூடுதல் கம்பியின் மேல் ராடை வைத்தார். பசை உருகும் வாசனை... குறடு கடித்தது...

கிர்க்.

கம்பி துள்ளிக் கீழே எங்கோ விழுந்தது. ஷாஹினாஸ் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்தே ஒரு பல் போன மாதிரி.

குறடு அடுத்த கம்பிக்கு நகர்ந்தது. அந்தச் சாய்ந்த கம்பிக்கு. சொல்லிவிடு... இல்லை, சொல்லாதே... நீ என்ன பெரிய மகாராணியா, அவன் இன்னொரு தடவை சிரித்தால் சிரிக்கட்டும்... ஐயோ, ராடு தொடப் போகிறது...

வானம் இடிந்து கடல்மேல் விழுந்தது. கரண்ட் போய்விட்டது.

மத்தியான வேளைதான். ஆனால் மழைக்குப் பாதி இறக்கிவிட்ட ஷட்டரால் கடைக்குள் திமிங்கலத்தின் வயிறு மாதிரி இருட்டு. கராபெத் எதையெதையோ உருட்டிக்கொண்டு மெழுகுவர்த்தி தேடினார். மேஜைமேல் ராடு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தால் மறுபடி சூடாகும். அவ்வளவுதான் அவளுக்கிருந்த அவகாசம்.

"டாக்டர்..." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அது என்னுதுன்னு நான் சொல்லலை. கரண்ட் வர்றவரைக்கும் ஒரு தடவை... ஒரே தடவை வாசிச்சுக்கட்டுமா?"

முக்காலி ஒன்றைத் தடவி உட்கார்ந்தாள். இருட்டில் அவள் மடியில் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. அவன் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டான்.

தளர்ந்த தந்திகளைத் தடவித் தடவிச் சுருதி கூட்டினாள். கண் எதற்கு? பெற்றவளுக்குப் பிள்ளையின் காதில் மச்சம் எங்கே என்று விளக்குப் பிடித்தா காட்ட வேண்டும்? சாய்ந்த கம்பியில் விரல் தானாகவே கொஞ்சம் மேலேறி உட்கார்ந்தது.

அவளே கட்டிய மெட்டு. மணப்பெண்ணின் உள்ளங்கையில் மருதாணி வைக்கும்போது மட்டும் வாசிப்பாள். கிட்டார் போன பிறகு எங்குமே வாசித்ததில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே அது கொசுவின் ரகசியம் போலத்தான் கேட்டது... ஆனாலும் கேட்டது. மெட்டு மெல்ல ஏறியது, தயங்கியது, இன்னும் ஒரு படி ஏற வேண்டும்...

அந்தப் படி இல்லை. கம்பி பிடுங்கிய பள்ளத்தின்மேல் அவள் விரல் நின்றது. மெட்டு அந்தரத்தில் தொங்கியது.

அப்போது இருட்டில் யாரோ அந்தச் சுரத்தை முனகினார்கள்.

ஹாதெமின் குரல் ஒன்றும் பிரமாதமில்லை. பல்லில் துளை போடும் மெஷினுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் சுரம்... இம்மி பிசகாத அந்த நடுச் சுரம்.

ஷாஹினாஸுக்கு உடம்பு சிலிர்த்தது. "இந்த மெட்டு... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரஷீத் ஊருல... எங்க அக்காவுக்கு மருதாணி வச்ச ராத்திரி." வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. "பொம்பளைங்க உள்ளே. ஆம்பளைங்க நாங்க தெருவுல நாற்காலி போட்டு உக்காந்திருந்தோம். ஜன்னல் சாத்தியிருந்தது..."

"பச்சை ஜன்னல்," என்றாள் அவள். "கல்யாணப் பொண்ணு அழுதுகிட்டே சிரிச்சாங்க."

"அதே. அதே." மூச்சு வாங்கினான். "யாரு வாசிச்சதுன்னு கேக்குறதுக்குள்ள பாட்டுக்காரங்க வேன் போயிடுச்சு. அந்தச் சத்தம் மரத்துல இருக்கும்னு ஒரு கிட்டார் வாங்கினேன். இல்லை. தந்தியில இருக்கும்னு இன்னொண்ணு. இல்லை. வீடு ரொம்புச்சு, சத்தம் கிடைக்கலை. இன்னிக்கு அது என் கைக்கே வந்து உக்காந்திருக்கு... நான் அதுக்குக் குறடு வைக்கச் சொல்றேன்." நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "எவனோ முட்டாள்னு சொன்னேன்ல... அந்த முட்டாள் நான்தான்."

"நான் மறுக்கலையே."

அவன் சிரித்தது இருட்டிலும் தெரிந்தது.

"அக்கா அப்பவே கேட்டா. 'நீ தேடுறது கிட்டாரையா, வாசிச்சவளையா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பளிச்சென்று கரண்ட் வந்தது. இருவரும் ஏதோ திருடிய மாதிரி விலகினார்கள். ராடு மறுபடி சூடாகத் தொடங்கியது.

"ம்ம்... டாக்டர் பாஷா, அடுத்த பல்?" என்றார் கராபெத், கிடைத்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தபடி.

"தொடாதீங்க உஸ்தா. பிடுங்கினதையும் திருப்பி வைக்கணும்."

சொல்லிவிட்டுத் தரையில் மண்டியிட்டான். நல்ல கால்சட்டை, நல்ல சேறு. மேஜைக்கடியில் பாதி உடம்பு போய், தலையில் இடித்துக்கொண்டு, சிலந்திவலையோடு வெளியே வந்து, நகம் அளவுக் கம்பியை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினான்.

"முட்டி போட்டு நீட்டுறதுக்கு ஊருல மோதிரம்னு ஒண்ணு விக்குது பாஷா," என்றார் கராபெத்.

ஷாஹினாஸ் மாதுளை நிறத்துக்குப் போனாள். கம்பியை மட்டும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அவன் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். "எடுத்துட்டுப் போங்க. இது உங்களுது."

"சும்மா தர்றதை நான் வாங்க மாட்டேன்."

"அப்போ பேரம் பேசுங்க. கையை வைங்க."

அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். அவன் கை அங்கேயே இருந்தது.

"நீங்க கையை எடுத்தாத்தானே நான் விலை கேக்க முடியும்?"

"தெரியும்," என்றான் ஹாதெம். "அதனாலதான் எடுக்கலை. அக்காவுக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்போ இருக்கு. வாசிச்சவளைத்தான்... அவ பேருகூடத் தெரியாம அவளைத்தான் தேடினேன்."

மழை ஒரு நிமிஷம் நின்று கேட்டது. சத்தியமாக நின்றது.

"ஷாஹினாஸ்," என்றாள் அவள். "பேரு ஷாஹினாஸ். விலை ஜாஸ்தியாத்தான் தெரியுது டாக்டர்... இருந்தாலும் பேசலாம்." அவளும் கையை எடுக்கவில்லை. இரண்டு கைகளுக்கும் இடையே ஒரு நடுச் சுரத்துக்கு மட்டும்தான் இடமிருந்தது.

ஷட்டருக்கடியில் ஒரு நனைந்த தலை எட்டிப்பார்த்தது. "உஸ்தா, அந்தக் கிட்டார் என்ன விலை?"

கராபெத் மேஜையைப் பார்த்தார்.

"ரெண்டு கை இருக்குப்பா. இந்தப் பேரம் இப்போதைக்கு முடியாது. நீ போய் டீயைக் குடி."