பாதிப் பல்

மாலை ஆறு மணியானால் எங்கள் வார்டுக் காணொளிக் கூடத்தில் எல்லா அம்மாக்களும் சிரிப்பார்கள். கடலடிச் சுரங்கத்துக்கு ஒப்பந்தத்தில் போனவர்கள். ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் ஒரு பிள்ளை. திரையில் ஒருத்திக்கும் இருமல் கிடையாது, சலிப்பு கிடையாது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். சுரங்க நிறுவனம் எனக்குத் தந்த வேலை, இந்தக் கூடத்தில் திரை துடைப்பதும் பிள்ளைகளை உட்கார வைப்பதும். எரிச்சலில் அன்றைக்குப் பாடமே எடுத்துவிட்டேன். ஆறு வயது பேச்சித்தாயை நிறுத்திவைத்து, அவளைப் பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தேன்.

"இப்பம் கையைத் தூக்குட்டி."

தூக்கினாள். கை இருந்த கட்டங்களை மட்டும் அழித்து வரைந்தேன்.

"முழுசா அழிச்சேனா?"

"இல்லக்கா. கைய மட்டுந்தான்."

"வீடியோவும் அப்படித்தான். மொதல்ல ஒரு முழுப்படம் வரும். பொறவு எது மாறிச்சோ அந்தச் சேதி மட்டும் வரும். பெட்டிக்குள்ள இருக்க படவிரிப்பான், பழைய படத்துல மாறின எடத்தை மட்டும் திருத்தி வரையும்."

"சேதி வரலன்னா?"

"அதுவா நெனைச்சு வரையும்."

பேச்சித்தாய் தன் திரையைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கம்மைக்கு முன்பல்லு பாதிதான்க்கா உண்டு. இதுக்கு முழுசா இருக்கு. அப்பம் எங்கம்மை எங்க?"

செலவை மிச்சம் பிடிக்க, எங்கள் வார்டு மாதிரி ஏழை இடங்களுக்குச் சேதியைப் பாதியாக வெட்டித்தான் அனுப்புவார்கள். மீதி முகத்தையும் குரலையும் ஊகிப்பான் என்ற கருவி நிரப்பும். முழுப்படத்தில் வாய் மூடியிருந்தால், பல்லை அதுவே வைத்துவிடும். அது தெரியும். ஆனால் ஒரு சேதியுமே வராவிட்டாலும் இதே சிரிப்புதானே? செத்தவளைக்கூடச் சிரிக்க வைக்கும் பெட்டி.

ஊகிப்பானுக்கு நிறுவனம் வைத்த முத்திரையை உடைத்தால் வேலை போய்விடும். போய்த் தொலையட்டும். உடைத்து, ஊகிப்பானை அணைத்தேன்.

திரை சாம்பல் நிறமானது. ஒன்றும் வரவில்லை. பேச்சித்தாய் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு கட்டம். இன்னொன்று. நெற்றி, காது, வாயைப் பொத்திய கை. குரல் துண்டு துண்டாக வந்தது.

"ஏட்டி... தலைக்கு எண்ணெ... வச்சியா? என்ன முழிக்க... மூதி!"

இருமல். கை விலகியது. பாதிப் பல்.

"அம்மைதான்க்கா! ஏசுதா பாருங்க!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துத் திரையில் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்க்காமல், அவள் மகள் இசக்கி என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, எங்கம்மையையும் ஏசச் சொல்லுங்கக்கா."

எழுந்து, அடுத்த பெட்டியின் முத்திரையில் கை வைத்தேன்.