எலுமிச்சை மணக்கும் கை

டாக்டர் ரவுண்ட்ஸ் வர அரை மணி நேரம்தான் இருந்தது. பிழிந்த எலுமிச்சை மூடியால் புருஷன் விருமாண்டியின் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அன்னக்கொடி. பீடி நாற்றம் போவேனா என்றது.

“கக்கூஸ் பக்கம் போயி ஒரே இழுப்புதான்டி...”

“இன்னொரு பீடி குடிச்சா ஆபரேசன் கெடையாது, காலையே எடுக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல? இம்புட்டுக்கும் பெறகுமா!”

அவருடைய கால்விரல்கள் ஏற்கெனவே கருத்துப்போயிருந்தன. ஒரு வாரமாக இந்தக் கழுவலும் மறைப்பும்தான். என்ன வெட்கங்கெட்ட பிழைப்பு இது!

படுக்கை விரிப்பை மாற்ற வந்த நர்ஸ் ஹம்சவேணி தலையணையைத் தூக்கினாள். பீடிக்கட்டும் தீப்பெட்டியும் கீழே விழுந்தன.

“யாருது இது?”

விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னுது சிஸ்டர்!” என்றாள் அன்னக்கொடி.

வார்டே சிரித்தது. அந்த நேரம் பார்த்தா செல்லூரிலிருந்து மகன் வர வேண்டும்? அழகுபாண்டியும் மருமகள் தமிழ்ச்செல்வியும் தூக்குவாளியோடு வாசலில் நின்றார்கள்.

“அம்மா... நீயா? அப்பாவுக்குக் காலு போகக் கெடக்கு, பக்கத்துல உக்காந்து நீ பீடி குடிக்கிறியா? மாமனார் வீட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது? கெளம்பு! பேரையூருக்குப் பஸ் ஏத்தி விடுறேன்.”

மருமகள் முன்னால் அவளுக்கு உடம்பே கூசியது. சேலைகளை ஒயர் கூடையில் திணித்தாள். புருஷனை ஒருமுறை பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யக்கா, போறப்ப எனக்கும் ஒண்ணு குடுத்துட்டுப் போ!” என்றான் அடுத்த கட்டில்காரன். மறுபடியும் சிரிப்பு. அவள் வாசலைத் தாண்டப் போனாள்.

“டேய் அழகு! நில்லுடா...” விருமாண்டியின் குரல் உடைந்தது. “என் கையை மோந்து பாரு. அவ கையையும் மோந்து பாரு! அவ கையில எலுமிச்சைதான்டா மணக்கும். ஒரு வாரமா என் நாத்தத்தைக் கழுவுன கைடா அது... நான் ஆம்பளையாடா?”

அழகுபாண்டி தாயின் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனான். அப்படியே அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான்.

“அம்மா... என்னைய மன்னிச்சிரும்மா!”

“விடுடா, எல்லாரும் பாக்குறாக...” என்றவளுக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

டாக்டர் வந்ததும் விருமாண்டி தானாகவே எல்லாவற்றையும் சொன்னார்.

“ஆபரேசனைப் பத்து நாள் தள்ளி வைக்கிறேன். இடையில ஒரு பீடி தொட்டாலும் வீட்டுக்குப் போயிரலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

விருமாண்டி கூனிக்குறுகி மனைவியைப் பார்த்தார். “போயிராத அன்னம்...”

அன்னக்கொடி கூடையைக் கட்டிலடியில் வைத்தாள். மீதியிருந்த எலுமிச்சை மூடியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

“போகல. ஆனா இனிமே உங்க கையை நான் கழுவ மாட்டேன்.”