பால் காய்ச்சாத வீடுகள்

மூன்றாம் நம்பர் வீட்டிலிருந்து பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்தது. அந்த வீட்டில் அடுப்பு கிடையாது. ஆளும் கிடையாது. அதன் சாவி மற்ற நான்கு வீட்டுச் சாவிகளோடு மலர்க்கொடியின் கைப்பையில்தான் இருந்தது.

கத்திரி வெயிலில் அண்ணாமலை நகரிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கிள்ளை போகும் சாலையில் இறங்கி, செம்மண் பாதையில் நடந்து வந்தவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். யாரோ பூட்டைத் திறந்து உள்ளே புகுந்து சமைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். கதவைத் திறந்தாள். ஆட்டுக்கல் கூட இல்லாத வெறும் வீடு. தரையில் காற்றுக் குழாயின் இரும்புச் சல்லடை வழியாக வழக்கம்போல் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. சல்லடையைச் சுற்றி வட்டமாக வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டாள். பாலாடை. இன்னும் காயவில்லை.

வெளியே வந்து நான்கு பக்கமும் பார்த்துச் சத்தம் போட்டாள். பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? அதுதானே அவள் பிரச்சினையே.

ஆறு குடும்பங்கள் சேர்ந்து கட்டிய ஆறு சின்ன வீடுகள் அவை. பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளராக இருந்த மலர்க்கொடிதான் ஆளாளுக்குப் பேசி அவர்களைச் சேர்த்தாள். பாதி நாள் கரண்ட் இல்லாத ஊரில் கரண்டை நம்பாத வீடுகள். அழுத்திச் செய்த மண் கட்டிச் சுவர்கள். ஒரு வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சுவர். முகப்பில் ஒரு பொது அறை, அதன் கூரையில் ஆறு வீட்டு விளக்குக்கும் போதுமான சோலார் தகடு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காற்றுக் குழாய். உப்பனாற்றங்கரையில் வாய் வைத்து, ஆளுயரத்துக்குக் கீழே மண்ணுக்குள் ஓடி, ஆறு வீட்டுத் தரையிலும் வந்து திறந்துகொண்டது. சாலையில் தார் உருகும் நேரத்திலும் வீட்டுக்குள் மார்கழிக் குளிர் இருக்கும். தானே புயலில் கடலூர் முழுக்கக் கூரைகள் பறந்தபோது இங்கே ஓர் ஓடு கூட நகரவில்லை.

சமையலறையும் ஒன்றே ஒன்று, பொது அறைக்குப் பின்னால். ஆறு அடுப்பு எதற்கு என்று கேட்டவளும் மலர்க்கொடிதான். போன ஆவணியில் புதுமனை புகுந்தபோதும் அதே கணக்குப்படி பொதுச் சமையலறையில் ஒரே பானையில் பால் காய்ச்சி எல்லோரும் குடித்தார்கள். "அவங்கவங்க வூட்ல ஒரு கரண்டியாவது காய்ச்சணும்மா, அது வூட்டுக்கு நாமதான் குடிவந்தோம்னு சொல்றது" என்று யாரோ ஒரு பெண்மணி முனகியதை மலர்க்கொடி சிரித்தே அடக்கினாள். அவள் மட்டும் அன்றே ஆறாம் நம்பரில் தங்கிவிட்டாள். மற்ற ஐந்து குடும்பமும் சாமான் எடுத்து வருகிறோம் என்று போனதுதான். பரீட்சை முடியட்டும் என்றார்கள், புயலில் போன கூரையை வேயவேண்டும் என்றார்கள், மாமியாருக்கு முடியவில்லை என்றார்கள். நிலம் வாங்கும்போது நான் நீ என்று முந்தியவர்கள் இப்போது போனை எடுக்கவே யோசித்தார்கள்.

அவள் கணவர் சுப்பராயலு கடலூர் முதுநகரில் அண்ணன் வீட்டில் மகள் ப்ரீத்தியோடு இருந்தார். "ஆளில்லாத காட்ல பொட்டப்புள்ளய வச்சிக்கினு இருக்க முடியாது மலரு. ஆறு வூட்லயும் லைட்டு எரியட்டும், அன்னைக்கே வந்துடறன். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள எரியலன்னா நீ வித்துட்டு இங்க வந்துடு" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மகளோடு ஒரு தட்டில் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆகிறது! இந்த வெள்ளிக்கிழமை மாலை அவரும் ப்ரீத்தியும் வருகிறார்கள், முடிவைப் பேச.

பால் வாசனை வந்த திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்து பேருக்கும் போன் போட்டு ஐந்து சாக்கும் கேட்டு முடித்த கோபத்தில் அவள் தன் வீட்டுச் சல்லடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழாயில் பேசினால் எல்லா வீட்டிலும் கேட்கும். கட்டும்போது கொத்தனார்கள் அதில்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவள் சல்லடைமேல் குனிந்து அடித்தொண்டையில் கத்தினாள்: "யாராவது வந்து குடியேறுங்களேன்! யாரா இருந்தாலும் பரவால்ல! வந்து தொலைங்க!"

குரல் போய்க்கொண்டே இருந்தது. அப்போது எப்போதும் மேலே வரும் காற்று ஒரு கணம் நின்று, உள்ளே இழுத்தது. காற்று வருகிறதா என்று பார்க்கச் சல்லடையில் கட்டியிருந்த நூல் கீழே போய் விறைத்துக்கொண்டது. பிறகு மெதுவாக மேலே வந்தது. ஆற்றுப் பக்கம் காற்று மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் முகம் கழுவப் போனாள்.

மறுநாள்தான் மூன்றாம் நம்பரில் பால் வாசனை. அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி போன் செய்தார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. நாங்க வரல. அந்த வூட்ட நெனச்சாலே இவளுக்கு என்னமோ பண்ணுதாம். நம்ம வூட்ல வேற யாரோ இருக்கற மாதிரியே இருக்குன்றா."

"பூட்டின வூட்ல யாரு சார் இருப்பாங்க?" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்து ஐந்தாம் நம்பர். அதற்கடுத்து முதலாம் நம்பர். ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வரும்போது அந்தத் தீய்ந்த இனிப்பு வாசனை, அதற்கு அடியில் உப்பனாற்றுச் சேற்றின் வாடை. ஒவ்வொரு நாளும் இருட்டுவதற்குள் ஒரு போன், நாங்கள் வரவில்லை என்று. வியாழக்கிழமை மட்டும் இரண்டு வீடு, இரண்டு போன்; அத்தோடு ஐவரும் சொல்லி முடித்துவிட்டார்கள். மலர்க்கொடி அழவில்லை. பாத்திரத்தை உருட்டி, கதவுகளை அறைந்து, தனக்குத்தானே திட்டிக்கொண்டு நடந்தாள். வாசனையைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் பக்கத்து ஐந்தாம் நம்பரோடு பொதுவாக இருந்த சுவரில் சாய்ந்து உட்காருவதை மட்டும் விட்டிருந்தாள். சுவர் முழுக்கக் குளிர்ந்திருக்க, அவள் முதுகு படும் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, மறுபக்கம் யாரோ அதே இடத்தில் முதுகைச் சாய்த்திருப்பதுபோல.

வெள்ளிக்கிழமை காலை விளக்கு எரியவில்லை. பொது அறையின் போர்டில் ஆறு வீட்டுக்குமான ஒரே பியூஸ் கட்டை கருகிக் கிடந்தது. அவர்கள் வருகிற அன்றைக்குத்தானா இது? அதைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். வேலை முடிந்து சிதம்பரத்தில் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டவேண்டும். கிளம்பும்போது பால்காரர் பக்கிரி சைக்கிளை நிறுத்தினார்.

"யக்கா, ஒங்க வூட்டுக்கும் சாயங்காலத்துலேர்ந்து ஊத்தணும்னு சொன்னீங்களே, எவ்ளோ?"

"எனக்குத்தான் சமையக்கட்டுல ஊத்தறீங்களே."

"அது வேறக்கா. மத்த அஞ்சு வூட்டுக்கும் ஊத்தறன் இல்ல, அது மாதிரி."

மலர்க்கொடி அவரையே பார்த்தாள். "அஞ்சு வூட்டுக்கா? யாரு ஊத்தச் சொன்னது?"

"இன்னாக்கா, நீங்கதான! கதவுக்கு உள்ளேர்ந்து கொரல் குடுக்கறீங்க. வாசல்ல சொம்பு இருக்கு, ஊத்திட்டுப் போன்னு. நானும் தெனமும் மத்தியானத்துல ஊத்தறன்."

"நான் வேலைக்குப் போயிடறன்யா. குடிச்சிருக்கியா நீ?"

பக்கிரியின் முகம் வாடிவிட்டது. "எம்மேல ஆணையாக்கா. ஒங்க கொரல்தான்." சொல்லிவிட்டு அவர் பூட்டிய ஐந்து வீடுகளையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

"என் வூட்டுக்கு ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க!" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

அன்று எதுவும் சரியாக நடக்கவில்லை. மேற்பார்வையாளர் நேரத்துக்கு விடவில்லை. சிதம்பரத்தில் முதல் கடையில் அந்த அளவுக் கட்டை இல்லை. இரண்டாவது கடையில் கரண்ட் போய், கடைக்காரர் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் புதுக்கட்டையும் கருகின கட்டையும் கைப்பையில் ஒன்றோடொன்று இடிக்க அவள் பஸ் ஏறியபோது வெயில் இறங்கிவிட்டது. வழியெங்கும் கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வயல்கள் ஒரே கறுப்பாகக் கலந்துகொண்டிருந்தன. போன் அடித்தது. சுப்பராயலு.

"இன்னா மலரு, ஒரு வார்த்த சொல்லல பாரு!" அவர் குரலில் இத்தனை சந்தோஷத்தை அவள் கேட்டு வருஷமாகிறது. "ரோட்லேர்ந்தே தெரிஞ்சுது. ஆறு வூட்லயும் லைட்டு! எல்லாரும் எப்ப வந்தாங்க?"

கைப்பைக்குள் அவள் விரல்கள் பியூஸ் கட்டைகளைத் தேடித் தொட்டன. இரண்டும் இருந்தன.

"ஏங்க, எங்க நிக்கறீங்க?"

"வாசல்லதான். பால் பொங்கற வாசன தூக்குது."

"உள்ள போவாதீங்க. ப்ரீத்தியக் கூட்டிக்கினு ரோட்டுக்கு வாங்க. நான் பஸ்ல வந்துக்கினு இருக்கன். நான் சொல்றதக் கேளுங்க!"

"பஸ்லயா?" அவர் குழம்பினார். அப்போது போனில், அவருக்குப் பின்னாலிருந்து, இன்னொரு குரல் கேட்டது. சற்றே குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் நீண்டு ஒலித்தது.

"ஏங்க, வெளியவே நின்னுட்டீங்க? வாங்க."

அது மலர்க்கொடியின் குரல்.

சுப்பராயலு சிரித்தார். "தோ, நீயே வந்துட்ட. வெளையாடறியா?" போன் நின்றுவிட்டது.

திரும்பத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. டிரைவரிடம் போய்ச் சீக்கிரம் போகச் சொல்லிக் கத்தினாள். பஸ் பயணிகள் அவளைப் பார்த்தார்கள். நிறுத்தம் வருவதற்கு முன்பே குதித்தாள்.

ஊர் முழுக்க இருட்டு. பாதையின் முடிவில் ஆறு விளக்குகள்.

ஓடினாள். செருப்பு எங்கோ கழன்றது. பொது அறையைக் கடக்கும்போது போர்டைப் பார்த்தாள். பியூஸ் கட்டை இருக்கவேண்டிய இடம் காலி. மேலே விளக்கு எரிந்தது.

ஐந்து வீட்டுக் கதவும் திறந்திருந்தன. பூட்டுகள் நிலையில் தொங்கின. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. நின்ற விதம் தெரிந்தது. இடுப்பில் செருகிய முந்தானை. நிலையைப் பிடித்த இடக்கை. கொஞ்சம் சாய்ந்த தலை. மலர்க்கொடி நிற்பதும் அப்படித்தான்.

"வாங்க" என்றது மூன்றாம் வீடு.

"வாங்க" என்றது ஐந்தாம் வீடு.

ஒரே குரல். அவள் குரல். அவள் நிற்கவில்லை.

ஆறாம் வீட்டின் படியில் வந்துதான் கால் நின்றது. உள்ளே தரையில், காற்றுக் குழாயின் சல்லடைமேல் ஒரு பித்தளைப் பானை. அடியில் நெருப்பில்லை. விறகில்லை. எதுவுமில்லை. பால் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்கி வழிந்து, நிற்காமல், தரையெங்கும் வெள்ளையாய்ப் பரவியது. அதன் நடுவில் சுப்பராயலுவும் ப்ரீத்தியும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் டம்ளர். இருவர் உதடும் வெள்ளை.

"ப்ரீத்தி! எழுந்து வாடி! ஏங்க!"

ப்ரீத்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, பயமில்லை, அடையாளம் தெரிந்த சாயலும் இல்லை. வாசலில் வந்து நிற்கும் யாரோ ஒரு அம்மாவைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்தாள். பிறகு தலையை உள் அறைப் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. ஈரக் கால் தரையில் ஒட்டி ஒட்டி எழும் சத்தம்.

"உள்ள வரச் சொல்லுடி" என்றது மலர்க்கொடியின் குரல். "அவுங்கதான நம்மள கூப்ட்டாங்க."

பின்னால் ஐந்து வாசல்களிலும் இருந்தவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டம்ளர். பால் வாசற்படி தாண்டி வழிந்து அவள் கால்விரல்களைத் தொட்டது. கொதித்துக்கொண்டிருந்த அந்தப் பால் ஜில்லென்று இருந்தது.